மச்சம் எந்த வயசுல வந்தது, எந்த இடத்துல இருக்கு: இந்த ரெண்டு கேள்விதான் முக்கியம்

உடம்புல புதுசா ஒரு கருப்புப் புள்ளி கண்ணுல பட்டா நம்மள்ல பலபேர் முதல்ல பார்க்கிறது அது எவ்ளோ பெருசு, எவ்ளோ கருப்புன்னுதான். ஸ்கின் டாக்டர் அதையும் பார்ப்பார், ஆனா அதுக்கு முன்னாடியே அவர் மனசுல ரெண்டு கணக்கு ஓடிடும், எதிர்ல உட்கார்ந்திருக்கவருக்கு என்ன வயசு, புள்ளி உடம்புல எங்க இருக்கு. 8 வயசு பையன் முதுகுல புதுசா ஒரு மச்சம் வந்தா அது வளர்ற வயசுல வர்றதுதான்னு விட்டுடலாம், அதே சைஸ் அதே கலர்ல 58 வயசுக்காரர் முதுகுல புதுசா வந்திருந்தா லென்ஸ் வச்சு பார்க்காம அனுப்ப மாட்டாங்க. கன்னத்துல வருஷக்கணக்கா மாறாம உருண்டையா புடைச்சு நிக்கிற மச்சத்துக்கு பெரும்பாலும் கவலை வேண்டாம், உள்ளங்கால்ல பட்டையா பரவுற கறைக்கு கண்டிப்பா கவலைப்படணும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருதுன்னு புரிஞ்சுக்கிட்டா தேவையில்லாத பயமும் போகும், பயப்பட வேண்டிய இடத்துல அசட்டையா இருக்கிறதும் போகும்.

முதல்ல மச்சம்னா என்னன்னு பார்த்துடலாம். தோலுக்கு நிறம் குடுக்கிற மெலனினை தயாரிக்கிற செல்லுக்கு மெலனோசைட்னு பேரு. கருவுல முதுகுத்தண்டு உருவாகுற இடத்துக்கு பக்கத்துல இருந்து கிளம்பி உடம்பு முழுக்க பரவி மேல்தோலோட அடி வரிசையில தள்ளித்தள்ளி தனித்தனியா உட்கார்ந்துக்கும். இதுல ஏதோ ஒரு செல்லுல ஜீன் மாற்றம் வந்து அது பெருக ஆரம்பிச்சு ஒரு இடத்துல கூட்டமா சேர்ந்தா அதுதான் மச்சம். பிறந்ததுக்கு அப்புறம் வர்ற சாதாரண மச்சங்கள்ல பெரும்பாலானதுல பிராஃப்ங்கிற ஜீன்லதான் அந்த மாற்றம் இருக்கு, ஆச்சரியமான விஷயம் என்னன்னா மெலனோமாங்கிற ஆபத்தான தோல் கேன்சர்லயும் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு இதே ஜீன்லதான் மாற்றம் இருக்கு. அப்போ மச்சம் ஏன் கேன்சர் ஆகலன்னா, செல்லுக்குள்ளயே இருக்கிற தடுப்பு ஏற்பாடு கொஞ்ச நாள்ல முழிச்சுக்கிட்டு பெருகுறதை நிறுத்திடுது. 2005ல நேச்சர் இதழ்ல வந்த ஆய்வு இதை மனுஷங்க மச்சத்துலயே எடுத்துக் காட்டுச்சு. அதனாலதான் மச்சம் சில மில்லிமீட்டர் வரைக்கும் வளர்ந்து அப்படியே வருஷக்கணக்கா நின்னுடுது. வளர்ந்து நின்னுட்ட மச்சம் திரும்ப அசைய ஆரம்பிச்சா ஏன் டாக்டருங்க கவனிக்கிறாங்கன்னு இப்போ புரியும்.

பிறக்கும்போதே மச்சத்தோட பிறக்கிற குழந்தைங்க 100ல ஒண்ணு இருக்கும். இது குழந்தை வளர வளர கூடவே வளரும், இதைப் பார்த்துதான் பெத்தவங்க ரொம்ப பயந்துடுறாங்க, ஆனா உடம்பு நீள்ற அளவுக்கு மச்சமும் நீள்றது இயல்புதான். இதுலயும் இடம் பேசுது பாருங்க, பிறந்த குழந்தைக்கு தலை ஏற்கனவே பெருசு, கால் ரொம்ப சின்னது, அதனால தலையில இருக்கிற பிறவி மச்சம் பெரியவங்க ஆகுறப்போ சுமாரா ரெண்டு மடங்குதான் ஆகும், உடம்புலயும் கால்லயும் இருக்கிறது மூணு மடங்கு வரைக்கும் போகும். பெரியவங்க ஆகுறப்போ 20 சென்டிமீட்டருக்கு மேல போகும்னு கணக்கு போடுற அளவுக்கு பெரிய பிறவி மச்சம் ரொம்ப அபூர்வம், 20,000 குழந்தையில ஒண்ணுக்குன்னு சொல்லுவாங்க. அது முதுகு நடுவுல இருந்து, சுத்தி நிறைய குட்டி மச்சங்களும் சேர்ந்து இருந்தா மூளை, தண்டுவடம் பக்கமும் அதே செல்கள் இருக்க வாய்ப்பு இருக்குங்கிறதால எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லுவாங்க, அந்த மாதிரி குழந்தைங்கள ஆரம்பத்துல இருந்தே ஸ்பெஷலிஸ்ட்தான் பார்க்கணும்.

குழந்தையோட இடுப்புக்கு கீழ, பின்பக்கத்துல நீலமா சாம்பலா ஒரு பெரிய திட்டு இருக்கும் சில குழந்தைங்களுக்கு, ஆசிய, ஆப்பிரிக்க குழந்தைங்ககிட்ட ரொம்ப சகஜம். அடிபட்ட காயம்னு நினைச்சுக்குவாங்க. அது மச்சமும் இல்ல காயமும் இல்ல, தோலோட ஆழத்துலயே தங்கிட்ட மெலனோசைட்கள், ஆழத்துல இருக்கிறதால கருப்பு நிறம் மேல வரும்போது நீலமா தெரியுது. பள்ளிக்கூட வயசுக்குள்ள பெரும்பாலும் தானா மங்கிடும். ஆனா அதே மாதிரி நீலம் கண்ணைச் சுத்தியும் கன்னத்து மேலயும் வந்தா அது ஓட்டா நீவஸ்ங்கிற வேற ஒண்ணு, அது மங்காது, கண்ணுக்குள்ளயும் நிறம் படிஞ்சிருக்கலாம், கண் அழுத்த நோய் வர வாய்ப்பு கூடுதல்ங்கிறதால கண் டாக்டர்கிட்டயும் காட்டிக்கணும். கிட்டத்தட்ட ஒரே வகை செல், ஒரே நிறம், இடம் மாறினதும் கதையே மாறிடுது.

பிறந்து ஆறு மாசத்துக்கு அப்புறம் வர்றதெல்லாம் பின்னாடி வந்த மச்சம் கணக்குல சேரும். நடக்க ஆரம்பிச்ச வயசுல ஒண்ணு ரெண்டா தலைகாட்டி, பள்ளிக்கூட வயசுல வேகம் பிடிச்சு, பருவ வயசுல இன்னும் கூடி, 20லிருந்து 40 வயசுக்குள்ள எண்ணிக்கை உச்சத்துக்கு போயிடும். வெளுப்பான தோல் உள்ள பெரியவங்களுக்கு 10லிருந்து 40 வரைக்கும் மச்சம் சாதாரணம். கருப்பு, மாநிறத் தோல் உள்ளவங்களுக்கு மொத்த எண்ணிக்கை குறைவு, ஆனா உள்ளங்கை, உள்ளங்கால், நகத்துல வர்ற பங்கு அவங்களுக்குத்தான் அதிகம்.

குழந்தைங்களுக்கு மச்சம் எங்கெங்க வருதுங்கிறதுல வெயிலோட கை ரொம்ப பெருசு. எப்பவும் துணி மூடியிருக்கிற பிட்டத்துல மச்சம் ரொம்ப கம்மி, அப்பப்போ சுள்ளுன்னு வெயில் படுற தோள்பட்டை, மேல் முதுகு, கையோட வெளிப்பக்கத்துல அதிகம். ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து பக்கம் வளர்ற வெள்ளைத்தோல் பிள்ளைங்களுக்கு மச்சம் எண்ணிக்கை உலகத்துலயே ரொம்ப அதிகமான அளவுல இருக்கிறதுக்கு காரணம் அந்த வெயில்தான். கனடாவுல வான்கூவர் ஊர் பள்ளிப்பிள்ளைங்கள வச்சு மூணு வருஷம் ஒரு ஆய்வு பண்ணாங்க, 2000ல முடிவு வெளியாச்சு, ஒரு பாதி பிள்ளைங்களுக்கு எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் குடுத்தாங்க, இன்னொரு பாதிக்கு குடுக்கல, போட்ட பிள்ளைங்களுக்கு புது மச்சம் குறைவா வந்துச்சு, முகத்துல ஃப்ரெக்கிள்ஸ்ங்கிற குட்டிப் பழுப்புப் புள்ளிங்க இருக்கிற பிள்ளைங்களுக்கு இந்த பலன் இன்னும் தெளிவா தெரிஞ்சுது. இதை ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா மச்சம் எத்தனைங்கிறது பெரும்பாலும் சின்ன வயசுலயே முடிவாகுது, பெரியவங்க ஆனப்புறம் க்ரீம் பூசினா இருக்கிற மச்சம் குறையாது.

வெயில் மட்டுமே காரணம்னும் சொல்லிட முடியாது. பையன்களுக்கு முதுகு, நெஞ்சுப்பக்கம் கூடுதலா வருது, பொண்ணுங்களுக்கு கை கால்ல கூடுதலா வருது, இது சின்ன வயசுலயே தெரிய ஆரம்பிக்குது. இரட்டையர்கள வச்சு பண்ண ஆய்வுகள்ல மச்சத்தோட எண்ணிக்கைக்கு பரம்பரை பெரிய காரணம்னு தெரிஞ்சுது, அதுவும் பெண்களோட கால் மச்சத்துல ஜீனோட பங்கு ரொம்ப அதிகமா இருந்துச்சு. பெரியவங்க ஆனப்புறம் மெலனோமா வர்ற இடமும் இதே வழியிலதான் போகுது, வெள்ளைத்தோல் ஆண்களுக்கு முதுகுல, பெண்களுக்கு கால்ல.

ஒரு மச்சத்தோட வாழ்க்கையை மட்டும் தனியா எடுத்துப் பார்க்கலாம். முதல்ல தட்டையா, விரல் வச்சா தெரியாத மாதிரி, கருப்பா அல்லது அடர் பழுப்பா இருக்கும், அப்போ செல் கூட்டம் மேல்தோலும் உள்தோலும் சந்திக்கிற எல்லையில இருக்கு. கொஞ்ச வருஷத்துல ஒரு பகுதி உள்தோலுக்குள்ள இருக்கும், மச்சம் லேசா மேடாகும். கடைசியில எல்லாமே உள்தோல்ல, நிறம் வெளுத்து தோல் நிறத்துக்கே வந்து, மெத்துன்னு உருண்டையா நிக்கும், ஒண்ணு ரெண்டு முடியும் முளைச்சிருக்கும். ஜெர்மன் டாக்டர் பால் உன்னா 1893லயே இந்த செல்கள் மேல்தோல்ல இருந்து சொட்டுச்சொட்டா கீழ இறங்குதுன்னு சொன்னார். இப்போ டெர்மோஸ்கோப்ங்கிற கையடக்க லென்ஸ்ல பார்க்கிறவங்க இதை அப்படியே ஒத்துக்கிறதில்ல. சின்ன பிள்ளைங்க தலை, கழுத்து, மேல் உடம்புல வர்ற மச்சத்துக்குள்ள உருண்டை உருண்டையா நிறம் தெரியுது, அது ஆயுசுக்கும் தங்கி மேடாகுற வகை, பெரியவங்களுக்கு வர்றது வலை மாதிரி கோடு கோடா தெரியுற தட்டை வகை, அது பிற்காலத்துல மறைஞ்சுபோற வகை, ரெண்டும் ஆரம்பத்துலயே வேற வேறங்கிறாங்க. எனக்கு இந்த ரெண்டாவது விளக்கம்தான் பொருத்தமா படுது, ஏன்னா வயசானவங்க உடம்புல தட்டை மச்சம் குறைஞ்சு மேட்டு மச்சம் மட்டும் மிஞ்சி நிக்கிறதுக்கு இது நேரடியா பதில் சொல்லுது.

50 வயசுக்கு மேல மச்சம் எண்ணிக்கை குறைய ஆரம்பிக்கும். வெளுத்துப்போகும், சுருங்கும், சிலது இருந்த தடமே இல்லாம போயிடும். இளவயசுல வேற ஒரு விதமாவும் மறையும், பதின்வயசு பிள்ளைங்க முதுகுல ஒரு மச்சத்தைச் சுத்தி வட்டமா வெள்ளை விழும், மாசக்கணக்குல மச்சம் மங்கி காணாமலே போகும், அப்புறம் பல மாசமோ வருஷமோ கழிச்சு அந்த வெள்ளை இடத்துலயும் நிறம் திரும்பும். உடம்போட நோய் எதிர்ப்பு செல்களே அந்த மச்சத்தை அடிச்சு அழிக்குது. பதின்வயசுல இது தொந்தரவு இல்லாத விஷயம். இதே வெள்ளை வட்டம் 50 வயசுக்காரருக்கு புதுசா விழுந்தா டாக்டர் உடம்பு முழுக்க தோலை சோதிச்சுப் பார்ப்பார், வேற எங்கயாவது மெலனோமா இருந்து அதை எதிர்த்து கிளம்பின எதிர்ப்பு சக்தி இங்கயும் வேலை செய்யுதான்னு.

இனி இடத்துக்கு வருவோம். முகத்துல, மூக்குப் பக்கத்துல, தாடையில வழவழன்னு உருண்டையா நிக்கிற மச்சம் பெரும்பாலும் செல் எல்லாம் உள்ளே இறங்கின வகைதான். கழுத்துலயும் உடம்புலயும் இருக்கிறது மேல சொரசொரப்பா, சுருக்கம் சுருக்கமா, தொட்டா மடங்குற மாதிரி இருக்கும். முகத்து மச்சத்துல முடி இருக்கிறதைப் பார்த்து பலபேர் பயப்படுறாங்க, அதைப் பிடுங்கினா கேன்சர் ஆகும்னும் சொல்லிக்கிறாங்க, அப்படி ஒண்ணும் இல்ல. முடியைப் பிடுங்கும்போது வேர்க்கால்ல புண்ணாகி ரெண்டு நாள் சிவந்து வீங்கலாம், அதைப் பார்த்துட்டு மச்சம் திடீர்னு வளருதுன்னு பதறுவாங்க. கத்தரிச்சு விட்டா போதும்.

தலை, காது, மார்பு, தொப்புள், பிறப்புறுப்பு இந்த இடங்கள்ல வர்ற மச்சம் லென்ஸ்லயும் மைக்ராஸ்கோப்லயும் கொஞ்சம் தாறுமாறாத்தான் தெரியும். முதுகுல அப்படி தெரிஞ்சா சந்தேகப்படுற தோற்றம் இங்க இயல்பா இருக்கும். அதனால இங்க இருந்து எடுத்த மச்சத்தை பயாப்சிக்கு, அதாவது லேப்ல மைக்ராஸ்கோப் சோதனைக்கு, அனுப்பும்போது எந்த இடம்னு தெளிவா எழுதி அனுப்பணும், லேப்ல பார்க்கிற டாக்டர் அதை வச்சுத்தான் முடிவு சொல்லுவார். கர்ப்ப காலத்துலயும் இதே மாதிரிதான், வயித்துலயும் மார்புலயும் தோல் இழுபடுறதால அங்க இருக்கிற மச்சம் பெருசாகும், அது புரிஞ்சுக்கக்கூடியது. முதுகுலயோ கால்லயோ இருக்கிற மச்சம் மாறினா கர்ப்பத்து மேல பழியைப் போடாம காட்டிடணும், குழந்தை பிறந்தப்புறம் பார்த்துக்கலாம்னு தள்ளிப்போடவும் கூடாது.

உள்ளங்கால் விஷயத்தை கொஞ்சம் நெருங்கிப் பார்க்கணும், மாநிறத் தோல் உள்ளவங்க கண்டிப்பா தெரிஞ்சுக்க வேண்டிய இடம் இதுதான். உள்ளங்கால் தோல் முழுக்க மேடும் பள்ளமுமா வரிவரியா ஓடும், மேட்டு வரி நடுவுல வியர்வைத் துளைகள் வரிசையா வெள்ளைப் புள்ளியா தெரியும். சாதாரண மச்சத்துல நிறம் பள்ளத்துல மட்டும் மெல்லிசு கோடா ஓடும். மெலனோமாவுல நிறம் மேட்டு வரியில அகலமா பட்டை பட்டையா படியும், அந்த பட்டை நடுவுல வெள்ளைத் துளைகள் தெரியும். ஜப்பான்ல ஷின்ஷு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோஷியாக்கி சாய்டாவும் அவர் கூட வேலை பார்த்தவங்களும்தான் இதை தெளிவா பிரிச்சு காட்டினாங்க. ஒரே பாதத்துக்குள்ளயே இடத்துக்கு இடம் மாறவும் செய்யுது, நடுப்பள்ளத்துல கோடுகள் குறுக்கும் நெடுக்குமா கட்டம் போட்டிருக்கும், உடம்பு எடை அழுத்துற குதிகால் பக்கத்துல தோலோட மேலடுக்கு சாய்ஞ்சு நகர்றதால கோடுகளும் சாய்வா இழை இழையா தெரியும். சாதாரண அமைப்பு எதுவும் தெரியாம 7 மில்லிமீட்டரையும் தாண்டியிருந்தா பயாப்சி எடுத்துடுங்கன்னு அவங்க வகுத்த வழிமுறை சொல்லுது. இது வெயில் படாத இடம், அதனால சன்ஸ்கிரீன் இங்க உதவாது, பாட்டுக்காரர் பாப் மார்லிக்கு கால் விரல் நகத்துக்கு கீழ 1977ல கண்டுபிடிச்சது இந்த வகைதான், 1981ல 36 வயசுல இறந்துபோனார். மெலனோமா வெள்ளைக்காரங்க நோய்னு நினைச்சுக்கிட்டு கால் பாதத்தைப் பார்க்காமலே விட்டு, புண்ணாகி நடக்க முடியாம போனப்புறம் டாக்டர்கிட்ட வர்றவங்க நிறைய, இதை நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு, ஏன்னா ஆரம்பத்துல வெட்டி எடுத்தா குணமாகுற நோய் இது.

நகத்துல நீளவாக்குல கருப்புக் கோடு விழுறதுலயும் வயசு பேசும். கருத்த தோல் உள்ளவங்களுக்கு வயசு கூடக்கூட பல விரல்ல லேசான கோடு வர்றது சகஜம். சின்னப் பிள்ளைக்கு ஒரு நகத்துல வந்தா, பார்க்க மோசமா இருந்தாலும் பெரும்பாலும் மச்சம்தான், ஒரு தடவை காட்டிட்டு அப்பப்போ பார்த்துட்டு வந்தா போதும்பாங்க. நடுவயசுக்கு மேல ஒரே ஒரு நகத்துல, குறிப்பா கட்டை விரல்லயோ கால் பெருவிரல்லயோ, கோடு அகலமாகிக்கிட்டே போய் நகத்தை ஒட்டின தோலுக்கும் கருப்பு பரவினா அன்னைக்கே அப்பாயின்மென்ட் வாங்குங்க.

வயசானவங்க புதுசா வந்த கருப்பை எல்லாம் மச்சம்னு சொல்லுவாங்க, உண்மையில அதுல முக்கால்வாசி மச்சமே இல்ல. மெழுகைச் சொட்டி ஒட்டி வச்ச மாதிரி மேடா, சொரசொரன்னு பழுப்பா இருக்கிறது செபோரிக் கெரட்டோசிஸ், மேல்தோல் தடிக்கிறதால வர்றது. கருத்த தோல் உள்ளவங்களுக்கு கன்னம், கண்ணோரம் எல்லாம் குட்டிக்குட்டியா கருப்பு மணிகள் வருமே, மருன்னு சொல்லுவாங்க, அதுவும் கிட்டத்தட்ட இதே வகை. கையோட மேல்புறத்துல வர்ற தட்டைப் பழுப்புத் திட்டு வெயில்ல வர்றது, நெஞ்சுல செவப்பா குண்டூசித் தலை அளவுக்கு வர்றது சின்ன ரத்தக்குழாய்ங்க பெருகி சேர்ந்தது. உண்மையான புது மச்சம் 40 வயசுக்கு மேல வர்றது குறையும், அதனாலதான் அந்த வயசுல வந்த புதுசுக்கு இவ்ளோ மரியாதை. மெலனோமா பழைய மச்சத்துல இருந்துதான் வரும்னு நினைக்கிறாங்க, கணக்கு எடுத்துப் பார்த்தா சுமார் 30 சதவீதம்தான் அப்படி, மீதி 70 சதவீதம் ஒண்ணுமே இல்லாத தோல்ல புதுசா கிளம்புது.

ஒரு தனி மச்சம் கேன்சர் ஆக எவ்ளோ வாய்ப்புன்னு அமெரிக்காவுல 2003ல கணக்கு போட்டாங்க, 40 வயசுக்குள்ள வருஷத்துக்கு 2 லட்சத்துல ஒண்ணு, 60 தாண்டின ஆண்களுக்கு சுமார் 33,000த்துல ஒண்ணு. வயசாக ஆக மச்சம் குறையுது, மிஞ்சி நிக்கிற ஒவ்வொண்ணோட ஆபத்தும் கூடுது, ஆனாலும் எண்ணைப் பாருங்க, எவ்ளோ சின்னது! அதனால பயத்துல எல்லா மச்சத்தையும் வெட்டி எடுக்கிறதுல பலன் இல்ல. எண்ணிக்கை ரொம்ப அதிகமா இருக்கிறவங்க மட்டும் தனிக்கவனம் எடுக்கணும், 100க்கு மேல மச்சம் இருக்கிறவங்களுக்கு, 15க்கு கீழ இருக்கிறவங்களை விட மெலனோமா ஆபத்து சுமார் 7 மடங்கு. உடம்பு முழுக்க எண்ணி உட்கார வேண்டாம், லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆய்வுல பெண்களோட வலது கையில மட்டும் எண்ணினாங்க, 11க்கு மேல இருந்தா மொத்தம் 100ஐ தாண்ட வாய்ப்பு அதிகம்னு 2015ல சொன்னாங்க.

வீட்லயே பார்க்கிறவங்களுக்கு டாக்டருங்க சொல்ற அடையாளம் நமக்கெல்லாம் தெரிஞ்சதுதான், ரெண்டு பாதியும் ஒத்துப்போகாதது, ஓரம் பிசிறா இருக்கிறது, பல நிறம் கலந்தது, 6 மில்லிமீட்டருக்கு மேல போறது, மாறிக்கிட்டே இருக்கிறது. ஆனா சின்னப்பிள்ளைங்ககிட்ட இது சரியா ஓடாது, அவங்களுக்கு அபூர்வமா வர்ற மெலனோமா பலசமயம் கருப்பாவே இருக்காது, சிவப்பா இளஞ்சிவப்பா ஒரே நிறத்துல கட்டி மாதிரி வந்து வேகமா வளரும், மருன்னு நினைச்சு விட்டுடுவாங்க. பெரியவங்களுக்கு என்னோட விருப்பம் வேற ஒரு வழி. ஒருத்தர் உடம்புல இருக்கிற மச்சம் எல்லாம் பொதுவா ஒரே ஜாடையில இருக்கும், அதுல எது சேராம தனியா நிக்குதோ அதைக் காட்டுங்க. முதுகை நாமளே பார்க்க முடியாது, வீட்ல இருக்கிறவங்ககிட்ட போட்டோ எடுக்கச் சொல்லுங்க, பக்கத்துல ஸ்கேல் வச்சு, ஒரே வெளிச்சத்துல, மூணு மாசம் கழிச்சு திரும்ப ஒண்ணு. பாதத்தையும் விரல் இடுக்கையும் விட்டுடாதீங்க. ரத்தம் வர்றது, ஆறாத புண்ணு, வாரக்கணக்குல வளர்றது இதெல்லாம் இருந்தா மூணு மாசம் காத்திருக்கவே கூடாது.

ஆசிட், மச்சம் எடுக்கிற க்ரீம், நூல் கட்டி அறுக்கிறது இதெல்லாம் செய்யாதீங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கிறேன். மேல இருக்கிறது போயிடும், ஆழத்துல செல் தங்கிடும், கொஞ்ச மாசத்துல தழும்புக்குள்ள கோணல்மாணலா நிறம் திரும்ப வரும். அது பார்க்க மெலனோமா மாதிரியே இருக்கும், முதல்ல எடுத்ததை பயாப்சி பண்ணியிருக்க மாட்டாங்க, இப்போ வந்தது நல்லதா கெட்டதான்னு லேப்ல பார்க்கிறவருக்கும் சொல்றது கஷ்டமாயிடும். சந்தேகமான மச்சத்தை லேசர்ல எரிக்கிறதும் அப்படித்தான், சோதிச்சுப் பார்க்க துண்டே மிஞ்சாது. எடுத்துத்தான் ஆகணும்னா டாக்டர் கத்தியால முழுசா எடுத்து லேபுக்கு அனுப்பட்டும், அந்த ரிப்போர்ட்டையும் பத்திரமா வச்சுக்கோங்க, அதே இடத்துல பின்னாடி எப்பவாவது நிறம் திரும்பினா அடுத்து பார்க்கிற டாக்டர் முதல்ல கேட்கிறது அதைத்தான்.